அப்படி எழுதியிருக்கா?

வாலேனி,
6 ஜனவரி 1997

அன்பு மருமகன் லிவியுவுக்கு நுட்சு மாமா எழுதுவது. நான் நலம், என் குதிரை நலம், இடது முழங்கால் மட்டும் பனியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. டுரின் நகரத்தில் நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நடந்ததெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் அம்மா, என் ஃப்ளோரிகா அக்கா, உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள். அந்தச் சபைக் கூட்டம் நல்லபடியாக முடியாது என்றேன், முடியவில்லை. நீ ஊரை விட்டுப் போவாய் என்றேன், போனாய். ஒனிசிம் மச்சானுக்குக் கண் போகும் என்றேன். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ப்ளம்பழ ஜாமை ரொட்டியில் தடவாமல், ரொட்டியை ஜாமில் குளிப்பாட்டுகிற மனிதனுக்கு வேறென்ன போகும்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் மிச்சமிருந்த வலது கண்ணும் போய்விட்டது. உன் அப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான்.

கண் போனதைவிட அவருக்குப் பெரிய கஷ்டம் வேதம் வாசிக்க முடியாதது. தினம் ஒரு அதிகாரம், காலைக் காப்பிக்கு முன்னால், முப்பது வருஷமாக. போதகருக்குப் பார்க்க ஐந்து ஊர், நேரமில்லை. சபைப் பெண்கள் வந்து வாசித்தார்கள். பாதியில் அழுதுவிடுகிறார்கள் என்று இவருக்குக் கோபம். கடைசியில் சபைச் சகோதரர்கள் எட்டுப் பேர் வரிசையில் நிற்க, மச்சான் கையை நீட்டி, "நுட்சு குரல்தான் வேணும்" என்றாராம். நானோ அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுக்காதவன், மணி அடிக்கிற கோயிலுக்கு ஈஸ்டருக்கு ஈஸ்டர் போகிறவன், நாலாம் வகுப்பை இரண்டு முறை அலசிப் படித்தவன். ஆனால் குரல் என்று ஒன்று இருக்கிறதே!

புத்தாண்டு அன்று ஆதியாகமத்தில் ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் ஏவாள் பறித்தது நல்ல பழுத்த ப்ளம் என்று வாசித்தேன்.

"அப்படி எழுதியிருக்கா?" என்றார் மச்சான்.

"பழம்னு போட்டிருக்கு மச்சான். நம்ம பக்கம் பழம்னா வேற என்னவாம்?"

"எழுதியிருக்கறதை வாசி, நுட்சு."

ஒரு வார்த்தை கூடினாலும் பிடித்துவிடுகிறார். முழுசும் மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததை இன்னொருவனை விட்டு எதற்கு வாசிக்கச் சொல்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

லிவியு, அவருக்கு ஒரு வார்த்தை எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

என்றும் உன்
நுட்சு மாமா


டுரின்,
2 பிப்ரவரி 1997

அன்புள்ள மாமா,

நலம். சுவருக்குச் சாந்து பூசுகிற வேலை நடக்கிறது. உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் வழக்கம்போல் பாதியைக் கழித்துவிட்டுத்தான் வாசித்தேன். மிச்சப் பாதியே வருத்தமாக இருக்கிறது.

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்க ஒன்று இருக்கிறது. சபையின் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போய்க் கல்யாண வீடுகளில் ஊதினேன், உண்மை. அங்கே குடித்தார்கள், ஆடினார்கள், அதுவும் உண்மை. சபை என்னை நீக்கியது. அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் "நீக்கலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை எழுந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தேன். அப்பாவின் கை. மற்ற கைகள் அதைப் பார்த்துத்தான் எழுந்தன.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேளுங்கள். அதைத் தவிர எனக்கு அவரிடம் வேலை இல்லை.

அன்புடன்,
லிவியு


வாலேனி,
9 மார்ச் 1997

அன்பு மருமகனுக்கு மாமாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். பனி உருகிவிட்டது. தெரு முழுக்கச் சேறு. ஒரு பன்றி அதில் முழுகிப் போய் அடுத்த ஊரில் எழுந்தது என்றால் நம்பமாட்டாய்.

நாங்கள் இப்போது யாத்திராகமத்தில் இருக்கிறோம். செங்கடலை நான் வாசித்த விதத்தைக் கேட்டிருக்க வேண்டும்! பார்வோனின் குதிரைகளுக்கு நிறம் கொடுத்தேன், ரதங்களுக்குச் சத்தம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு வெரோனா கிழவி வேலிமேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"இவ்வளவு நாளா எங்க இருந்த நுட்சு? எங்க பாதிரியார் இதை வாசிச்சா நான் தூங்கிடுவேன்," என்றாள்.

மச்சான் மட்டும், "முன்னங்காலு வெள்ளைன்னு எழுதியிருக்கா?" என்றார்.

"இல்ல."

"அப்ப கழுவி எடுத்துட்டு மறுபடி வாசி."

முதலில் இருந்து வாசித்தேன். சொன்னால் சிரிப்பாய், குதிரைகளுக்கு நிறம் இல்லாமல் வாசித்தபோது தண்ணீரின் சத்தம் கொஞ்சம் கேட்டது போலிருந்தது.

உன் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். மக்காச்சோளக் களியும் மோரும். தினமும் வாசிப்பு முடிந்ததும் ஒரே கேள்வி: "தபால்காரன் வந்தானா?" அவ்வளவுதான். யாரிடமிருந்து என்று கேட்பதில்லை.

மற்றவை அடுத்ததில். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா நுட்சு


டுரின்,
30 மார்ச் 1997

மாமா,

நலம். பன்றியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதை நீங்கள் அவரிடம் கேட்கவில்லை.

லிவியு


வாலேனி,
28 ஏப்ரல் 1997

அன்பு மருமகனுக்கு. இங்கே சுகம், உன் சுகத்துக்கு எழுது.

கேட்டேன். சனிக்கிழமை கேட்டேன். அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எப்படித் துணிந்தேன் என்று உனக்குப் புரியாது.

லேவியராகமம் என்றால் கொழுப்பும் சிறுநீரகமும் தொழுநோயும்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பத்தொன்பதாம் அதிகாரத்தில் தராசு வந்தது. எடைக்கல் சரியாக இருக்க வேண்டுமாம். மச்சான் நிறுத்தச் சொன்னார்.

"உன் தராசு எப்படி நுட்சு?"

"என் தராசுக்கு என்ன? பெயுஷ் சந்தையிலேயே அதுதான் அழகான தராசு."

"அப்ப உன் கட்டைவிரல் எப்படி?"

கண் தெரியாத மனிதன்! பழத்தை நிறுக்கும்போது என் கட்டைவிரல் தட்டின்மேல் ஓய்வெடுக்கும் என்பது அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியுமோ. மறுவாரம் சந்தையில் விரலைத் தூக்கியே வைத்திருந்தேன். அது பழக்கமில்லாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஆப்பிள் வாங்க வந்த பெண் கேட்டாள்: "என்ன நுட்சு, விரல்ல அடியா?"

"ஆமா. லேவியராகமம் விழுந்துடுச்சு," என்றேன்.

இதை வந்து சொன்னபோது மச்சான் சிரித்தார். அக்கா போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் உன் கேள்வியைக் கேட்டேன். "லிவியு எழுதியிருக்கான் மச்சான். அன்னைக்கு உங்க கை ஏன் அவ்வளவு அவசரமா எழுந்துச்சுன்னு கேக்கறான்."

சிரிப்பு போய்விட்டது. அடுப்பில் விறகு வெடித்தது. நான் எழுந்து ஒரு கட்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அடுத்த அதிகாரம் நாளைக்கு," என்றார். நான் போகலாம் என்று அர்த்தம்.

இதில் நீ எதையும் கழிக்க வேண்டாம். கூட்டியிருந்தால் பதிலையும் கூட்டியிருப்பேன்.

உன் மாமா


வாலேனி,
2 ஜூன் 1997

அன்பு மருமகன் லிவியுவுக்கு மாமா எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டிருக்கிறேன்.

உன் அப்பாவின் கால்கள் வீங்கியிருக்கின்றன. பெயுஷ் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் கூட்டிப்போனேன். என் குதிரை அன்றைக்கு மாதிரி பதவிசாக எப்போதும் நடந்ததில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன என்றார். மாற்று வழியெல்லாம் இந்த வயசுக்குக் கஷ்டம் என்றார். நான் அவரோடு வாதாடினேன், மேசையைத் தட்டினேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். உண்மையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றேன்.

போன மாதம் வாசிப்பில் பிலேயாமின் பேசும் கழுதை வந்தது. அது பேசியதோடு நிறுத்தாமல் நான் இரண்டு வரி அதிகமாகப் பேச வைத்தேன். மச்சான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கவனிக்கவில்லையோ, களைப்போ. எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. "மச்சான், அது அவ்வளவு பேசல, ரெண்டு வரி என்னோடது," என்று நானே சொன்னேன். "தெரியும். நீயா சொல்றியான்னு பார்த்தேன்," என்றார்.

வா, லிவியு. ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. தபால்காரன் வந்தானா என்று அவர் கேட்காத நாள் இல்லை.

உன் மாமா நுட்சு


டுரின்,
13 ஜூலை 1997

அன்புள்ள மாமா,

நலம். பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதினேன், கிழித்தேன்.

என்னால் வர முடியாது. இங்கே இருக்க எனக்கு இன்னும் காகிதம் இல்லை. எல்லை தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். அம்மாவின் அடக்கத்துக்கும் அதனால்தான் வரவில்லை, உங்களுக்குத் தெரியும். மனு போட்டிருக்கிறேன், வசந்த காலத்தில் கிடைக்கும் என்கிறார்கள்.

பெட்டிக்கு அடியில் அம்மா வைத்த வேதாகமம் இருக்கிறது. இத்தனை வருஷம் அதன்மேல் சட்டையை மடித்து வைத்திருந்தேன். நீங்கள் இப்போது எந்த அதிகாரத்தில் இருக்கிறீர்கள்? அவரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
லிவியு


வாலேனி,
16 ஆகஸ்ட் 1997

அன்பு மருமகனுக்கு. நான் சுகம். முழங்காலைக் கேட்டதற்கு முழங்கால் நன்றி சொல்கிறது.

நேற்று வாசித்தது நியாயாதிபதிகள் பதினாறு. தினம் ஒன்று, அதிலிருந்து நீயே கணக்குப் போட்டுக்கொள். உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வாயை இவ்வளவு நாள் மூடி வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே ஏதோ உடைந்துவிடும் போலிருக்கிறது.

பதினாறு என்றால் சிம்சோன். முந்தின நாளே புரட்டிப் பார்த்துவிட்டேன். காலையில் உட்கார்ந்ததும், "மச்சான், இதைத் தாண்டி ரூத்துக்குப் போயிடலாமா? அது கல்யாணக் கதை," என்றேன்.

"கண்ணைப் பிடுங்கற அதிகாரம்தானே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வாசி."

வாசித்தேன். கண் போகிற இடத்தில் என் குரல்தான் தடுக்கியது; அவர் அசையவில்லை. முடிந்ததும் சொன்னார்: "பார்த்தியா, கண்ணு போனப்புறம்தான் அவனுக்கு முடி வளர ஆரம்பிச்சுது."

திரும்பிப் புரட்டிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் இத்தனை கூட்டிக் கூட்டி வாசித்தேனே, அங்கேயே இருக்கிறதை ஒருநாளும் பார்த்ததில்லை.

வெயிலில் உட்கார வைத்தேன். ஒரு கை ப்ளம்பழம் கேட்டார். ஒன்று கொடுத்தேன். கொட்டையை வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாரத்தில் ஏறும்போது கீழே பார்க்காதே.

உன் மாமா


வாலேனி,
14 அக்டோபர் 1997

அன்பு மருமகன் லிவியுவுக்கு மாமா அவசரமாக எழுதுவது. நான் சுகம். உன் அப்பா சுகமில்லை. படுக்கையிலேயேதான் வாசிப்பு. வீக்கம் முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. களியை நான்தான் ஊட்டுகிறேன், பாதி தலையணை சாப்பிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். சாமுவேல் இரண்டாம் புத்தகம், பதினெட்டாம் அதிகாரம். நீயும் அன்றைக்கு அந்த அதிகாரத்தில்தான் இருந்திருப்பாய். ராஜாவான அப்பாவையே எதிர்த்துக் கிளம்பின அப்சலோமின் கோவேறு கழுதைக்கு நான் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அவன் மரத்தில் தொங்குவது, ஓடிவந்த ஆட்கள், வாசலில் உட்கார்ந்திருக்கிற ராஜா பிள்ளை சுகமா, பிள்ளை சுகமா என்று கேட்டுக்கொண்டே இருப்பது, எல்லாம் எழுதியிருக்கிறபடி. கடைசி வசனத்தில் ராஜா மேல்வீட்டுக்கு ஏறிப்போய் மகன் பேரைச் சொல்லி அழுகிறார்.

"இன்னொரு தரம்," என்றார் உன் அப்பா.

வாசித்தேன்.

"இன்னொரு தரம்."

மூன்றாம் தரம் வாசித்து மூடினேன். அப்போதுதான் சொன்னார். நீ பிப்ரவரியில் கேட்டதற்குப் பதில் அது. அப்படியே எழுதுகிறேன்:

"அன்னைக்குத் தூக்கின கை இன்னும் இறங்கல நுட்சு. மேலயே நிக்குது."

லிவியு, இதில் பாதியைக் கழிக்காதே. ஒரு எழுத்தையும் கழிக்காதே. சீக்கிரம் எழுது.

உன் மாமா நுட்சு


டுரின்,
2 நவம்பர் 1997

அன்புள்ள மாமா,

நலம். உள்ளே இருக்கிற தாள் அப்பாவுக்கு. வாசித்துக் காட்டுங்கள். எழுதியிருக்கிறபடியே.

லிவியு

அன்புள்ள அப்பாவுக்கு,

சமாதானம். உங்கள் உடம்பு மோசமாக இருப்பதாக மாமா எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டாம் தேதி நானும் அதே அதிகாரத்தைத்தான் வாசித்தேன். ஆகஸ்டிலிருந்து உங்களோடு சேர்ந்து வாசிக்கிறேன். எங்கள் அறையில் நாலு பேர். அழ வேண்டியிருந்தால் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவ வேண்டும். அன்றைக்கு நிறையத் தண்ணீர் செலவழித்தேன்.

தூக்கின கை இன்னும் இறங்கவில்லை என்று நீங்கள் சொன்னதாக மாமா எழுதியிருக்கிறார். நான் அந்தக் கையை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பின்னால் உங்கள் முகம் இருந்ததைப் பார்க்கவில்லை. கையை இறக்கிக்கொள்ளுங்கள் அப்பா. எனக்கு உங்கள்மேல் ஒன்றும் இல்லை.

சபையின் டிரம்பெட்டைக் கேட்காமல் எடுத்துப்போனது என் தப்பு. அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருந்தால் கூட்டமே வேண்டியிருந்திருக்காது. பெருமையினால் சொல்லவில்லை.

வசந்தத்தில் வருகிறேன். அதுவரைக்கும் தினம் ஒரு அதிகாரம்.

உங்கள் மகன்
லிவியு


டுரின்,
1 டிசம்பர் 1997

மாமா,

தந்தி கிடைத்தது. இரண்டு வாரம் எதையும் எழுத முடியவில்லை. நீங்கள் சுகமா?

என் தாள் அவர் இருக்கும்போது வந்து சேர்ந்ததா? வாசித்தீர்களா? என்ன சொன்னார்? இதை மட்டும் கூட்டாமல் எழுதுங்கள். வாழ்க்கையில் ஒரு தடவை.

லிவியு


வாலேனி,
14 டிசம்பர் 1997

அன்புள்ள லிவியுவுக்கு,

நான் சுகம். முழங்கால் வலிக்கிறது. உனக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா?

இதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடக்கத்தன்று மழை. நாற்பது பேர் வந்திருப்பார்கள், அதற்கு மேல் இல்லை. சபை வாத்தியக் குழுவில் ஆறு பேர் ஊதினார்கள். டிரம்பெட்டுக்கு ஆள் இல்லை. அது வரவேண்டிய இடங்களில் மற்றவர்கள் நிறுத்திக் காத்திருந்துவிட்டு மேலே ஊதினார்கள். எனக்கு ராகம் தெரியாது, ஆனால் எங்கெங்கே நீ இல்லை என்பது தெரிந்தது. உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

உன் தாள் வந்தது. வெள்ளிக்கிழமை, அவர் போவதற்கு முந்தின நாள். காலையில் நாகமான் யோர்தானில் முழுகுகிற அதிகாரம் முடிந்திருந்தது. "தபால்காரன் வந்தானா?" என்றார். "வந்தான்," என்றேன். இந்த வருஷம் முழுக்க அந்தக் கேள்விக்கு நான் அப்படிச் சொன்னது மிகச் சில தடவைதான், அதுவும் எனக்கு வந்த கடிதங்கள். "உங்களுக்கு," என்றேன்.

எழுந்து உட்கார வைக்கச் சொன்னார். தலையணை வைத்தேன். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். போட்டேன்.

வாசித்தேன். குழாய்த் தண்ணீர் வரைக்கும் நன்றாக வாசித்தேன். அதற்கடுத்த வரியில் நின்றுவிட்டேன். தாண்டிப் போகலாம் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியும்? அவருக்கு மனப்பாடமாகத் தெரியாத ஒரே எழுத்து அதுதான். ஆனால் எழுதியிருக்கிறபடியே என்று நீ எழுதியிருந்தாய். அவரும் ஜனவரியிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாசித்தேன். கையைப் பற்றிய வரி, அதற்குப் பிறகு வருவதெல்லாம், உன் பெயர் வரைக்கும்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நான் சொன்னதாவா எழுதியிருக்கான்?" என்றார்.

"ஆமா மச்சான்."

"அப்படி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"இன்னொரு தரம் வாசி."

மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் "கையை இறக்கிக்கொள்ளுங்கள் அப்பா" என்கிற இடத்தில் அவர் வாயும் கூடவே அசைந்தது. அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. கை அசையவில்லை. போர்வைமேல் இருந்தது. அது இறங்கியது என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது.

"இருக்கட்டும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதை மாத்திடாத நுட்சு," என்றார். பிறகு நாளைக்கு எந்த அதிகாரம் என்று கேட்டார். இரும்புக் கோடரி தண்ணீரில் மிதக்கிற அதிகாரம் என்றேன். "அதுல நீ ஒண்ணும் சேக்க வேண்டியிருக்காது," என்றார். அவர் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

சனிக்கிழமை காலையில் நான் வந்தபோது மூச்சு மட்டும் இருந்தது. சபைப் பெண்கள் இருந்தார்கள். பத்து மணி சுமாருக்கு அதுவும் நின்றது. எல்லோரும் வெளியே போனபிறகு, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய அதிகாரத்தை வாசித்தேன். ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

இப்போதும் காலையில் வாசிக்கிறேன். வெரோனா கிழவி, "யாருக்கு நுட்சு வாசிக்கற?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். எனக்கு என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சகோதரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "ஞானஸ்நானம் எடுத்துக்கறியா நுட்சு?" என்று கேட்டார்கள். அதற்கு ஆயத்தமாகிறவனை அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும், உன்னையும் கேட்டிருப்பார்கள். யாரையாவது ஏமாற்றிவிட்டு அப்படியே விட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்பார்கள். "முதல்ல ஒரு கடிதம் எழுதணும்," என்றேன். சிரித்தார்கள். நுட்சு கடிதம் எழுதினால் வசந்தம் வந்துவிடும் என்றார் ஒருவர்.

மாற்றாதே என்றார் உன் அப்பா. நான் மாற்றவில்லை. அது இருக்கட்டும், அவர் வைத்துக்கொண்டு போன வார்த்தை அது. யார் எழுதியது என்பதை மட்டும் சொல்கிறேன். நீ என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தூக்கின கை இன்னும் இறங்கவில்லை என்று உன் அப்பா சொல்லவில்லை, லிவியு. அதை நான் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வசனத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"ஞாயித்துக்கிழமை தபால்காரன் வரமாட்டான், இல்ல?"

உன் மாமா
நுட்சு